லோகோவைத் தாண்டாத பழைய போன்

கேள்வி: என் பழைய பட்ஜெட் போன் லோகோ வரை வந்து அணைந்து மறுபடி லோகோவையே காட்டுகிறது. ஃபேக்டரி ரீசெட்டும் பலிக்கவில்லை. ஒரிஜினல் ஃபர்ம்வேரை (போனை இயக்கும் அடிப்படை மென்பொருளை) நானே போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். லோகோ வருகிறதென்றால் ஸ்கிரீனும் போர்டும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, கெட்டது மென்பொருளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் போனில் உள்ள படங்கள் எல்லாம் போய்விடும், அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

முதலில் மாடல் எண். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் அதன் அடியில் ஒட்டிய லேபிளில் இருக்கும், போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணையும் அப்போதே எழுதி வையுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு போர்டோடு போன்கள் வருவதால், மாடல் எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த ஃபர்ம்வேர் ஃபைல் வேண்டாம்.

போனில் இருப்பது மீடியாடெக் நிறுவனத்தின் சிப் என்றால், கணினியில் ஓடும் எஸ்பி ஃபிளாஷ் டூல் என்ற மென்பொருள் போதும். கணினி போனை அடையாளம் காண உதவும் டிரைவரைப் போட்டு, ஃபர்ம்வேரோடு வரும் ஸ்கேட்டர் ஃபைலை (எது மெமரியில் எங்கே போக வேண்டும் என்ற பட்டியலை) டூலில் காட்டி, ‘டவுன்லோடு ஒன்லி’யைத் தேர்ந்தெடுத்து, டவுன்லோடு பட்டனை அழுத்திய பிறகுதான் அணைத்த போனை கேபிளில் செருக வேண்டும். ‘ஃபார்மேட் ஆல்’ பக்கம் தயவுசெய்து போகாதீர்கள், ஐஎம்இஐ அழிந்து சிம் வேலை செய்யாமல் போய்விடும், அதை மீட்பது பெரும்பாடு.

மஞ்சள் பட்டை ஓடும்போது கேபிளை அசைக்கவே கூடாது. பச்சை டிக் வந்ததும் கழற்றி ஆன் செய்யுங்கள், முதல் தடவை பத்து நிமிடம்கூட ஆகலாம், பொறுங்கள். வேறு கேபிள், வேறு யூஎஸ்பி போர்ட் மாற்றியும் பாதியிலேயே எரர் வந்துகொண்டே இருந்தால் மெமரி சிப்பே தேய்ந்திருக்கலாம், அப்புறம் எந்த ஃபர்ம்வேரும் உதவாது.