வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் வெளிநாடு போகிறேன் என்கிறாள் மகள்: அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

ஐ.டி. வேலையில் இரண்டரை வருடம் இருந்த மகள், அதை விட்டுவிட்டு ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்து நாலு இடம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். திரும்பி வந்தால் யார் வேலை தருவார்கள், தனியாகப் போகிறாளே, கல்யாணப் பேச்சு என்னாகும் என்று மூன்று கவலை. கல்யாணம் உங்கள் வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டியது. மற்ற இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். அனுப்புங்கள் என்பதுதான் என் கருத்து.

இதே ஆசையை வெளியே சொல்லத் தயங்கி, ‘மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறேன்’ என்று கிளம்பும் பிள்ளைகள் உண்டு. எந்தப் பாடம், ஏன் அந்தப் பாடம் என்று கேட்டால் பதில் வராது. அதற்குள் வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போயிருக்கும். உங்கள் மகள் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள், அதுவும் சொந்தச் சேமிப்பில். அவளை நம்பலாம்.

இடைவெளியைப் பற்றி எச்.ஆர். கண்டிப்பாகக் கேட்பார்கள். ‘சும்மா ஒரு பிரேக்’ என்று இழுத்தால்தான் சந்தேகம் வரும். “பயணத்துக்கென்று சேமித்தேன், முறையாக ராஜினாமா செய்தேன், ஆறு மாதம் போய் வந்தேன், இப்போது வேலைக்குத் தயார்” என்று நேராகச் சொன்னால் பெரும்பாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஆளைக் கவிழ்ப்பது வேறொன்று: நோட்டீஸ் பீரியடை முடிக்காமல் பாதியில் நின்றுவிடுவது. ரிலீவிங் லெட்டர் (முறையாக வேலையிலிருந்து விடுவித்ததற்கான கடிதம்), அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு இவை கையில் இல்லாவிட்டால் அடுத்த கம்பெனியின் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வாள். அப்புறம், பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்க வேண்டாம். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி வரும். விட்டுவைத்தால் அதே யு.ஏ.என். எண்ணில், அதாவது வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணில், அடுத்த வேலையோடு தொடரும்.

எங்கே போகிறாள் என்று கேளுங்கள். முப்பது நாளில் பத்து நாடு என்றால் ஏர்போர்ட்டும் ஹோட்டலும்தான் மிஞ்சும். ஒரே நாட்டில் தங்கினால்தான் பஸ் டிக்கெட், வாடகை, காய்கறிக்கடை என்று அந்த ஊர் பிடிபடும். வியட்நாம் நல்ல தொடக்கம். 90 நாள் இ-விசா 25 டாலர்தான். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை 1,726 கிலோமீட்டரை ரயிலிலேயே இறங்கி இறங்கிப் பார்த்துக்கொண்டு போகலாம்.

வேலையும் பார்த்துக்கொண்டு இருக்க ஆசைப்பட்டால் சட்டப்படி வழி இருக்கிறது. 2024 முதல் ஆஸ்திரேலியா, 18 முதல் 30 வயதுக்குட்பட்ட இந்தியர்கள் ஆண்டுக்கு 1,000 பேருக்கு வேலையும் விடுமுறையும் சேர்ந்த விசா தருகிறது. குலுக்கலில் பெயர் வந்தால் 12 மாதம் இருக்கலாம். பிரிட்டனிலும் பட்டதாரிகளுக்கு இதுபோல் இரண்டு வருட விசா உண்டு. அதற்கும் குலுக்கல்தான், கணக்கில் 2,530 பவுண்டு காட்ட வேண்டும். இரண்டுக்கும் அந்தந்த அரசின் இணையதளத்தில் அவளே விண்ணப்பிக்கலாம். குலுக்கலில் இடம் வாங்கித் தருகிறேன் என்று எந்த ஏஜெண்ட் பணம் கேட்டாலும் அது ஏமாற்று.

உங்கள் பயத்தில் நியாயமான பகுதி ஒன்று இருக்கிறது. டூரிஸ்ட் விசாவில் போன இடத்தில் ‘டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம்’ என்று யாராவது கூப்பிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. அப்படி நம்பி தாய்லாந்து போய், எல்லை தாண்டி மியான்மரின் சைபர் மோசடிக் கூடங்களில் சிக்கிய 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை 2025 மார்ச்சில் நம் அரசு விமானம் அனுப்பி மீட்டு வந்தது. படித்தவர்களும் அதில் இருந்தார்கள். இதை அவளிடம் பயமுறுத்தாமல், ஆனால் விவரமாகச் சொல்லுங்கள்.

ராஜினாமா மெயில் போவதற்கு முன் ஒரு தாளில் மூன்று தொகையை எழுதச் சொல்லுங்கள்: மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்து ஆறு மாதச் செலவு, அவசரத்துக்கு வாங்கும் திரும்பு டிக்கெட், ஊர் வந்தபின் வேலை தேடும் நாலு மாதத்துக்கான பணம். மூன்றாவது தொகையை இப்போதே உங்கள் பெயரில் எஃப்.டி.யாகப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அது தேறவில்லை என்றால் பயணத்தை நாலு மாதம் தள்ளிப்போடலாம், ரத்து செய்ய வேண்டியதில்லை.