3422 டிகிரியில்தான் உருகும் டங்ஸ்டன், அணு இணைவு உலையில் மட்டும் ஏன் உருகித் தேய்கிறது?

நாகர்கோவில் பார்வதிபுரத்தில் எங்களுக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. இயற்பியல் படித்துவிட்டு அப்பாவின் தொழிலுக்கே வந்தவன் நான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

ஆர்கான் வெல்டிங் டார்ச்சில் இருப்பது டங்ஸ்டன் ராடுதான். அதன் முனையில் எரியும் ஆர்க் 10,000 டிகிரியைத் தாண்டும், ஆனாலும் சீவிய முனை கலையாது. ஒருநாள் வேலை பழக வந்த குளச்சல் பையன், "அண்ணே, ராடு உருண்டையாப் போச்சு" என்றான். பார்த்தால் முனையில் மிளகளவுக்கு ஒரு குண்டு மினுங்குகிறது. "எலே மக்கா, ஒயரை மாத்தி மாட்டிட்டியா?" பிளஸ் மைனஸ் மாறினால் தகட்டுக்குப் போகவேண்டிய சூட்டில் பெரும்பங்கு ராடிலேயே இறங்கிவிடும். சூடு எங்கே, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உலையிலும் அதே கதைதான். பிரான்சில் கட்டிவரும் ஐட்டர் என்ற இணைவு உலையில் (இந்தியாவும் பங்காளி) பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்துபோன சூடான வாயு, 15 கோடி டிகிரியில் இருக்கும். அதைச் சுவரில் படாமல் காந்தப்புலம் பிடித்துவைக்கும். வெளியேறும் வெப்பம் அடியிலுள்ள டைவர்ட்டர் என்ற டங்ஸ்டன் பதித்த பகுதியில் வந்து விழும், சதுர மீட்டருக்கு 10 மெகாவாட். 1000 வாட் அயர்ன் பாக்ஸின் மொத்தச் சூட்டையும் ஒரு விரல்நகம் அளவு இடத்தில் விடாமல் இறக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குழாயில் தண்ணீர் ஓடுவதால் டங்ஸ்டன் தாங்குகிறது. ஆனால் பிளாஸ்மாவின் ஓரம் அவ்வப்போது வெடித்துத் தெறிக்கும். ஆயிரத்தில் ஒரு நொடி கணக்கில் விழும் அந்த அடியில் சூடு தண்ணீர்வரை போய்ச்சேர நேரமில்லை, மேல்தோல் உருகிவிடும்.

முதலில் மாட்டுவது விளிம்பு. காந்தக்கோடுகள் உரசினாற்போலச் சாய்ந்து வருவதால், துருத்திய விளிம்புதான் அடியை நேருக்குநேர் வாங்கும். இங்கிலாந்தின் ஜெட் உலையில் 2013-இல் ஒரு டங்ஸ்டன் தகட்டின் விளிம்பை வேண்டுமென்றே காட்டி உருகவிட்டுப் பார்த்தார்கள். மின்னோட்டமும் காந்தப்புலமும் சேர்ந்து தள்ள, உருகியது பக்கவாட்டில் ஊர்ந்து ஓரத்தில் துளியாக உறைந்தது. ஐட்டரின் டைவர்ட்டரில் பதிக்கும் டங்ஸ்டன் கட்டைகளின் முகத்தை அரை மில்லிமீட்டர் சாய்த்துச் சீவுவது இந்தத் தலைவலிக்காகத்தான். ஒன்றின் விளிம்பை அடுத்தது மறைத்துக்கொள்ளும்.

தேய்மானம் வேறு விஷயம், அதற்கு உருகவே வேண்டாம். உலையின் எரிபொருளான டியூட்டீரியம் (ஹைட்ரஜனின் ஒரு வகை) லேசானது, நல்ல வேகத்தில் வந்தாலொழிய டங்ஸ்டன் அணுவைப் பெயர்க்காது. பிளாஸ்மாவில் கலந்திருக்கும் ஆக்சிஜன், நியான் போன்ற கனத்தவை சுலபமாகப் பெயர்த்துவிடும். பெயர்ந்ததிலும் பெரும்பகுதி அயனியாகி, வளைந்து, பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஆனி ஆடியில் கடல் அள்ளிய மணலைப் பிற்பாடு கொண்டுவந்து போடுகிற மாதிரி. (எல்லா மணலும் திரும்புவதில்லை, எங்கள் கடற்கரை ஊர்க்காரர்களைக் கேளுங்கள்.) தப்பியது பிளாஸ்மாவின் நடுவுக்குப் போனால் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே கொட்டிவிடும். லட்சத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே கவலைதான்.

எங்கள் ராடை உடைத்து, கிரைண்டரில் தீட்டி, ஐந்து நிமிஷத்தில் திரும்ப மாட்டிவிட்டோம். அங்கே உலை ஓடியபின் கதிரியக்கம் இருப்பதால் ஆள் உள்ளே போகமுடியாது. டைவர்ட்டரின் துண்டுகளான, டன் கணக்கில் கனக்கும் 54 கேசட்டுகளையும் ரோபோ வைத்துத்தான் கழற்றி மாட்ட வேண்டும்.