வாயை மூடச் சொல்ல வேண்டியது யாரை?

கேள்வி: தென்கொரியாவில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். சியோலில் 'நன்டா' என்ற நாடகம் பார்த்தேன். வசனமே இல்லை. மொழி தெரியாத நானே வயிறு நோகச் சிரித்தேன். கொழும்பில் நம்மவர்கள் ஏன் இப்படி ஒன்றைப் போடக்கூடாது?
– விடுமுறையில் வந்திருக்கும் வாசகர், வெள்ளவத்தை

பதில்: போடலாம். ஆனால் நடிகர்கள் வாயை மூடினால் போதுமா? நம் மண்டபங்களில் திரை விலகுமுன் வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை. 'இரண்டே வார்த்தை' என்று ஒலிவாங்கியைப் பிடித்தவர் அதை விடுவதற்குள் முன்வரிசைப் பிள்ளைகள் நித்திரை. அப்புறம் பொன்னாடை. போர்த்தியவருக்கே திருப்பிப் போர்த்துகிறவர்களும் உண்டு. இதை எதிர்த்துப் பல வருடமாக எழுதுகிறேன். பலன், இப்போது என்னையும் தலைமை தாங்கக் கூப்பிடுகிறார்கள். வசனமில்லாமல் நடப்பது மௌன அஞ்சலி ஒன்றுதான். அதிலும் யாருடைய கைபேசியாவது பாடிவிடும்.

சரி, நன்டா. 1997இல் தொடங்கியது. கதை இதுதான்: மாலை ஆறு மணிக்குள் கலியாண விருந்து சமைத்தாக வேண்டும். மனேஜரோ வேலை தெரியாத தன் மருமகனையும் சமையல்காரர்களின் தலையில் கட்டிவிடுகிறார். கத்தியும் வெட்டுப்பலகையும் சமுல்நோரி என்ற கொரியத் தாளத்தில் முழங்க, கோவா துண்டு துண்டாகப் பறக்கிறது. 1999இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ கலை விழாவுக்கும் போய்விட்டார்கள். வசனம் இருந்திருந்தால் யப்பான்காரர் டிக்கெட் வாங்குவாரா? கெட்டிக்கார வியாபாரம், நான் குறை சொல்லவில்லை.

நம் பகிடி வானொலியில் வளர்ந்தது. மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் எல்லாம் முகம் காட்டாமலே நாட்டைச் சிரிக்க வைத்தவர்கள். முஸ்லிம் தமிழும் சிங்களவர் பேசும் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் ஒரே அறையில் முட்டிக்கொள்ளும்போது பிறந்த சிரிப்பு அது. அந்த வாயைக் கட்டிவிட்டால், வேட்டி அவிழ்கிற பகிடிதான் மிஞ்சும். அதைத் தொலைக்காட்சியில் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

சமையலறைத் தாளம்தான் வேண்டுமென்றால், இரவு எட்டு மணிக்குமேல் காலி வீதியில் இறங்கி நடங்கள். கொத்து ரொட்டி போடுகிறவர் இரண்டு தகடுகளால் இரும்புக் கல்லில் எழுப்பும் சத்தத்துக்கு டிக்கெட் இல்லை. முட்டைக் கொத்துக்கு மட்டும் காசு கொடுங்கள். உறைப்பைக் கூட்டிப் போடச் சொல்லுங்கள். கொரியாவில் கிம்ச்சி தின்றவருக்கு அது ஒரு உறைப்பா?