மூன்று கம்பியில் போகும் கரண்ட் எப்படித் திரும்பி வருகிறது?

வாழைச்சேனைக்கு வரும் 132 கிலோவோல்ற்று லைனில் நியூட்ரல் கம்பி (கரண்ட் திரும்பி வரும் கம்பி) இல்லையே, பேஸ் கரண்ட் (மூன்று மின் கம்பிகளில் ஒவ்வொன்றிலும் ஓடுவது) எந்த வழியால் திரும்புகிறது, லைன் கரண்டும் அதுவும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பள்ளியில் பேஸை 'அவத்தை' என்று படித்தபோது எனக்கும் இது பிடிபடவில்லை. விளங்கியது சம்மாந்துறையில் ஒரு நெல் மில்லில்தான். 15 கிலோவாற்று மோட்டர். வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீற்றரை ஒவ்வொரு வயராகப் போட்டுப் பார்த்தேன்: மூன்றிலும் ஏறக்குறைய 28 அம்பியர். வேலை பழக்கிய அண்ணன், "இப்ப மூண்டையும் சேர்த்துப் பிடி" என்றார். பிடித்தேன். மீற்றரில் கிட்டத்தட்டப் பூச்சியம்! மில்லோ முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

28 அம்பியர் என்று மீற்றர் காட்டும் கரண்ட், அலையின் உச்சியில் ஏறக்குறைய 40. ஒரு பேஸ் 40 அம்பியரை மோட்டருக்குள் தள்ளும் அதே கணத்தில், மற்ற இரண்டும் 20, 20 ஆக வெளியே கொண்டுவருகின்றன. செக்கனுக்கு 50 தடவை இந்த முறை மூன்றுக்கும் மாறி மாறி வரும். ஆக, ஒரு கம்பிக்குத் திரும்பும் வழி மற்ற இரண்டு கம்பிகளும்தான். மூன்றிலும் சுமை சமமாக இருக்கும்வரைதான் இது சரிவரும். ஊருக்குள் ஒரு வீடு ஒரு பேஸில், அடுத்த வீடு வேறு பேஸில் என்று சுமை ஏறி இறங்குவதால் அங்கே நியூட்ரல் கட்டாயம் வேண்டும். கோபுர உச்சியில் ஓடும் மெல்லிய கம்பி இடி மின்னலுக்கானது, அதை நியூட்ரல் என்று எண்ணிவிடாதீர்கள்.

லைன் கம்பியைப் பொறுத்தவரை பேஸ் கரண்ட், லைன் கரண்ட் என்ற இரண்டு பெயரும் ஒரே கரண்டைத்தான் குறிக்கும். வித்தியாசம் மோட்டரின் சுருளுக்குள் வருகிறது. மூன்று சுருள்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டார் இணைப்பில் சுருளிலும் அதே அளவுதான். சுருள்களை முக்கோணமாக இணைக்கும் டெல்டாவில் லைன் கரண்டை 1.732 ஆல் வகுக்க வேண்டும். அந்த மில் மோட்டர் டெல்டா, சுருளுக்குள் 16 அம்பியர்தான் ஓடியது.

கணக்கில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. 33 கிலோவோல்ற்று என்பது இரண்டு பேஸுக்கு இடையில் உள்ளது. பேஸுக்கும் நிலத்துக்கும் இடையில் 19தான். 10 மெகாவாற்றை 0.9 பவர் பேக்டரில் (வோல்ற்றும் கரண்டும் சேர்ந்த வலுவில் உண்மையில் வேலைக்கு உதவும் பங்கு) 33 கிலோவோல்ற்றில் அனுப்பினால் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 194 அம்பியர். 132 இல் அது 49 ஆகக் குறையும். கம்பி சூடாகி வீணாகும் வலு கரண்டின் வர்க்கத்தோடு போவதால், அதே கம்பியில் இழப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். வாழைச்சேனை வரை 132 இல் கொண்டுவந்து, அங்கே 33 ஆக இறக்குவது இதற்காகத்தான்.