வண்டி வைத்தியர் பதில்கள்: மெல்போர்ன் போகும் புல்லட்

கேள்வி: என் கணவர் ஓட்டிய 1972 மாடல் புல்லட், அவர் போன பிறகு நெல் மூட்டை போடும் அறையில்தான் நிற்கிறது. மெல்போர்னில் இருக்கும் மகன் அதைக் கப்பலில் அனுப்பச் சொல்கிறான். எங்கள் மெக்கானிக் பெயிண்ட் அடித்து, குரோம் ஏற்றி, புது பிரேக் ஷூவும் போட்டுவிட்டார். ஷூ வந்த டப்பாவிலேயே 'அஸ்பெஸ்டாஸ் இல்லை' என்று அச்சடித்திருக்கிறது. இனி மரப்பெட்டியில் வைக்கோல் திணித்து அனுப்பிவிடலாமா?
– வாசகி, லால்குடி

பதில்: பெட்டி அடிப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் அம்மா. ஆஸ்திரேலிய அரசின் வாகன இறக்குமதி அனுமதி கைக்கு வந்துவிட்டதா என்று முதலில் மகனிடம் கேளுங்கள். அது வருவதற்கு முன் வண்டியைக் கப்பலேற்றக் கூடாது. தயாரித்து 25 வருடம் தாண்டிய வண்டிக்குத் தனி வழி இருக்கிறது, உங்களுடையது தாராளமாக அதில் வரும். தயாரிப்பு வருடத்துக்கும் உரிமைக்கும் ஆதாரம் கேட்பார்கள். ஆர்.சி. புத்தகம் இன்னும் உங்கள் கணவர் பெயரில் இருந்தால், வாரிசுப் பெயர் மாற்றத்தை இப்போதே ஆரம்பியுங்கள். பழைய ஃபைனான்ஸ் பதிவு ஏதாவது ரத்தாகாமல் கிடந்தால் அதையும் முடித்துவிடுங்கள்.

அடுத்து அந்த டப்பா. அதை நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல் அஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை; கொஞ்சம்தான் இருக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் ஊரில் அஸ்பெஸ்டாஸ் கூரை இன்றும் கடையில் விற்கிறது. சில நாடுகளில் சிறு அளவு கலந்திருந்தாலும் 'இல்லை' என்று போட்டுக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. அதனால் டப்பா எழுத்தை அங்கே ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தவிர, பிரேக் ஷூ மட்டும் மாற்றினால் பழைய புல்லட்டில் வேலை முடிந்ததாகாது. கிளட்ச் பிளேட், சிலிண்டர் ஹெட் கேஸ்கட், சைலன்சர் பெண்ட் வந்து சேரும் இடத்து வளையம், எல்லாமே சந்தேகக் கேஸ்தான். இன்ஜினைப் பிரிக்காமல் "கேஸ்கட் மாத்தியாச்சு" என்று எந்த மெக்கானிக் சொன்னாலும், சிரித்துவிட்டு பில்லைக் கேளுங்கள்! பழைய ஷூ தேய்ந்த தூள் பிரேக் டிரம்முக்குள் படிந்திருக்கும். அதைக் காற்றடித்து ஊதவே கூடாது. அது நுரையீரலுக்குள் போகிற சமாச்சாரம். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டிவிட வேண்டும். இதையெல்லாம் செய்கிறவர் நல்ல முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். கைக்குட்டை போதாது.

கழற்றியதிலும் போட்டதிலும் மாதிரி எடுத்து, அஸ்பெஸ்டாஸ் சோதனைக்கென்றே என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களைச் சோதித்துச் சான்று தரும் நம் நாட்டு அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆஸ்திரேலியாவில் அதே வேலையைச் செய்யும் நாட்டா அமைப்போடு பரஸ்பர ஒப்பந்தம் இருப்பதால் அந்த அறிக்கைக்கு அங்கே மதிப்புண்டு. மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் பில், ஃப்ரேம் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ, மெக்கானிக்கின் கையெழுத்துப் போட்ட கடிதம், இவற்றையும் கூட வையுங்கள். இல்லாவிட்டால் அங்குள்ள துறைமுகத்தில் வண்டியைப் பிரித்துச் சோதிப்பார்கள். அந்தச் செலவும் நாள் வாடகையும் உங்கள் மகன் தலையில்தான் விழும்.

நெல் மூட்டை அறை என்றீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை. சேமித்த தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டு என்றால் ஆஸ்திரேலிய அதிகாரிகளுக்கு அடிவயிறு கலங்கும். அது நம் நாட்டில் சர்வ சாதாரணம். சாப்பாடே இல்லாமல் வருடக்கணக்கில் அதன் புழு சந்து பொந்தில் உயிரோடு கிடக்கும். அதனால் சீட்டைக் கழற்றுங்கள். டூல் பாக்ஸ், ஏர் ஃபில்டர் பெட்டி, ஹெட்லைட் கிண்ணம், மட்கார்டின் உள்மடிப்பு எல்லாவற்றையும் வாக்கும் கிளீனரால் உறிஞ்சச் சொல்லுங்கள். சீட் பஞ்சில் எலி குடும்பம் நடத்தியிருந்தால் பஞ்சையே மாற்றிவிடுங்கள். பிறகு அழுத்தத் தண்ணீரில் அடிப்பக்கமும் டயர் பட்டனும் மண் தெரியாமல் கழுவ வேண்டும். ஒட்டிய சாணி, நெருஞ்சி முள், காய்ந்த புல் விதை, எது இருந்தாலும் மறுபடி கழுவும் செலவு அங்கத்திய கூலியில் வரும். கழுவிய வண்டியைத் திரும்ப அதே அறையில் விடாதீர்கள், வேப்பமரத்தடியிலும் விடாதீர்கள்.

வைக்கோல்? கூடவே கூடாது! நுரைத் தாளும் பெல்ட்டும் போதும். பெட்டி மரத்தில் பட்டை ஒட்டியிருக்கக் கூடாது. நடுமரம் வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்ததற்கோ, புகைமூட்டம் போட்டதற்கோ கோதுமைக் கதிர் படம் போட்ட ஐ.எஸ்.பி.எம். 15 (பேக்கிங் மரத்தில் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை பலகையில் இருக்க வேண்டும். பக்கத்து மர மில்லில் கிடைக்கும் பலகையில் அது இருக்காது. முத்திரை குத்த உரிமம் வாங்கிய பேக்கிங்காரரிடம்தான் போக வேண்டும். பெட்ரோலைச் சுத்தமாக இறக்குங்கள், கார்புரேட்டர் கிண்ணம் உட்பட. பேட்டரி ஒயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றுங்கள்.

புதுப் பெயிண்ட் பற்றி ஒன்று. ஃப்ரேம் கழுத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பரை மூடி அடித்திருக்கிறாரா என்று பாருங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வதுபோல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தெளிவாக விழ வேண்டும். விழாவிட்டால் நம் துறைமுகக் கஸ்டம்ஸிலேயே வண்டி நின்றுவிடும்.

அங்கே போய் இறங்கியதும் சரக்குக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 10 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். வீட்டுச் சாமான் கணக்கில் வண்டி வராது. விக்டோரியா மாநிலத்தில் பழைய வண்டிகளுக்கு கிளப் பெர்மிட் என்று ஒன்று தருகிறார்கள், வருடத்துக்கு 45 நாளோ 90 நாளோ ஓட்டிக்கொள்ளலாம். வலது காலில் கியர் போட்டுப் பழக்கமில்லையென்றால், அதை இங்கே விடுமுறைக்கு வரும்போதே தம்பி ஓட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.