அட்லாண்டிக்கில் கோமாளி மீன் தென்பட்டால் அது எப்படி வந்திருக்கும்? அங்கே பெருகுமா?

அநேகமாக யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து கொண்டுவந்து விட்டதாகத்தான் இருக்கும். அதன் சொந்த இடம் இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும். நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. தானாகப் போக வழியில்லை. முட்டைகள் பாறையில் ஒட்டியிருக்கும், பொரித்த குஞ்சு நீரோட்டத்தில் மிதப்பது சுமார் 10 நாள்தான். பசிபிக்கிலேயே இருக்கும் ஹவாயைக்கூட அது எட்டவில்லை!

சரி, பெருகுமா? அட்லாண்டிக்குக்கு அந்நியமான சிங்க மீன் 1985இல் அங்கே ஃபுளோரிடா அருகே பிடிபட்டு, பிறகு பக்கத்துக் கரீபியன் கடல் முழுக்கப் பரவியது, அதனால் பயம் நியாயமானதே. ஆனால் சிங்க மீனுக்கு விஷ முள் உண்டு, முட்டைகளும் மிதந்து போகும். கோமாளி மீனுக்குக் கவசம் அது ஒளிந்து வாழும் கடல் சாமந்திதான் (கொட்டும் இழைகள் கொண்ட, பூப்போன்ற கடல் உயிரி). கரீபியனில் இருக்கும் கடல் சாமந்திகளோ அது பழகிய இனங்கள் அல்ல. ஒளிய இடமில்லாமல் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் திரிந்தால், பெரிய மீன் ஒரே வாயில் விழுங்கிவிடும்.