மெடிக்கல் சீட்டுக்கு ஏஜென்டிடம் கொடுத்த 14 லட்சம் திரும்ப வருமா?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். போன வருஷம் என் மகள் நீட்டில் 398 எடுத்தாள். கடைசி ரவுண்டில் காலேஜ் கைக்கே சீட் வந்துவிடும், மேனேஜ்மெண்ட் கோட்டாவில் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் 14 லட்சம் வாங்கினார். 9 லட்சம் ரொக்கம், 5 லட்சம் என் மனைவியின் கணக்கிலிருந்து. சீட் வரவில்லை. பல மாதம் அலையவிட்டு, மனைவி பெயருக்கு 14 லட்சத்துக்கு செக் கொடுத்தார். அது போன வாரம் பணமில்லை என்று திரும்பிவிட்டது. இப்போது, ஜார்ஜியாவில் சீட் போட்டுத் தருகிறேன், பணத்தை அதில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். மகளின் எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி. (பிளஸ் டூ) ஒரிஜினல்கள் அவரிடம்தான் இருக்கின்றன. இந்த வருஷமும் நீட் எழுதி, மார்க் கூடியிருக்கிறது. ஆனால் விண்ணப்பம் போட்டபோது அவரை நம்பித்தான் இருந்தோம். அதில் உள்ள செல் நம்பரும் ஈமெயிலும் அவர் ஆபீஸுடையவை. போலீசுக்குப் போனால் டொனேஷன் கொடுத்த நீயும் உள்ளே போவாய் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். ஓசூரில் இருக்கும் மைத்துனர், தன் முகவரியில் இருப்பிடச் சான்று வாங்கித் தமிழ்நாட்டிலும் போடலாம் என்கிறார். என்ன செய்யலாம், ஐயா?

பதில்: நீங்கள் பணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த செல் நம்பர். பணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, கவுன்சலிங்குக்கு இல்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்றைக்கு மெடிக்கல் கவுன்சலிங் முழுவதும் ஓ.டி.பி.யிலும் பாஸ்வேர்டிலும்தான் ஓடுகிறது. அவை யார் கையில் இருக்கின்றனவோ, அவர் உங்கள் மகளின் பெயரில் காலேஜ்களைத் தேர்வு செய்யலாம், வரிசையை மாற்றலாம். இது என் கற்பனை இல்லை. சேர எண்ணமே இல்லாத மாணவர்களின் பெயரில் நல்ல சீட்டைப் பிடித்து வைத்து, கடைசியில் காலியாக விட்டு, அதை நிர்வாகத்தின் பக்கம் தள்ளிவிடுவதைத்தான் சீட் பிளாக்கிங் என்கிறார்கள். பொறியியல் சீட்டுகளில் இப்படி நடந்ததாக 2024-இல் கே.இ.ஏ. (கர்நாடகத்தில் கவுன்சலிங் நடத்தும் தேர்வு ஆணையம்) கொடுத்த புகாரில் மல்லேஸ்வரம் போலீசார் வழக்குப் பதிந்து சிலரைக் கைதும் செய்தார்கள். உங்கள் ஏஜென்ட் அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. செய்ய முடிகிற நிலையில் அவரை விட்டுவைக்காதீர்கள். கவுன்சலிங்கில் முதல் சுற்றில் கிடைத்ததை விட்டு விலகலாம். பிந்திய சுற்றுகளில் ஒதுக்கிய இடத்தில் சேராவிட்டால் வைப்புத் தொகை போகும், சுற்றைப் பொறுத்து அடுத்த சுற்றுகளுக்கான தகுதியும் போகலாம். பிடித்தது யாராக இருந்தாலும் தண்டனை உங்கள் பெண்ணின் பெயரில்தான் விழும்.

நாளைக்கே மகளை உட்காரவைத்து, அவள் கையாலேயே பாஸ்வேர்டுகளை மாற்றச் சொல்லுங்கள். எங்கெல்லாம் செல் நம்பரையும் ஈமெயிலையும் மாற்ற முடிகிறதோ, மாற்றுங்கள். மாற்ற முடியாத இடத்தில், நீட் நடத்தும் என்.டி.ஏ.வுக்கும் அகில இந்தியக் கவுன்சலிங் நடத்தும் எம்.சி.சி.க்கும் மகளின் கையெழுத்தோடு மனு போக வேண்டும். கே.இ.ஏ.வுக்கு ஈமெயில் மட்டும் போதாது. மல்லேஸ்வரம் சம்பிகே ரோடு 18-வது கிராஸில் இருக்கும் அலுவலகத்துக்கு மகளோடு நேரில் போய், 'எங்கள் விவரங்கள் மூன்றாம் ஆளிடம் இருக்கின்றன, எங்கள் நம்பரிலிருந்து வராத எந்தத் தேர்வும் எங்களுடையது அல்ல' என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வாருங்கள். அந்த ஒரு தாள் பின்னால் ஐகோர்ட்டில் உங்களைக் காப்பாற்றலாம். தன் தவறில்லாமல் இடம் இழந்த மாணவருக்கு அரிதான சந்தர்ப்பங்களில் நிவாரணம் உண்டு என்று 2019 டிசம்பரில் கிருஷ்ண ஸ்ரதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மாணவர் தாமதிக்காமல் ஓடி வந்திருக்க வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு வலியுறுத்தியது.

ஒரிஜினல் மார்க் கார்டுகளைப் பிடித்து வைக்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. கட்சிக்காரர் ஃபீஸ் பாக்கி வைத்தாலும் அவருடைய கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கே உரிமை கிடையாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. (எங்கள் வக்கீல்களில் சிலருக்கு இது இன்னும் பிடிக்கவில்லை.) ஏஜென்டுக்கு எங்கிருந்து வரும்? நோட்டீஸில் முதல் கோரிக்கையாக இதை வையுங்கள். அவர் கொடுப்பார் என்று காத்திருக்காமல் போர்டில் நகல் மார்க் கார்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அட்மிஷன் நாளில் ஒரிஜினல் இல்லாமல் காலேஜ் வாசலில் நிற்பதுதான் அவருக்கு உங்கள் மேல் இருக்கும் பிடி.

இனி செக். வங்கியிலிருந்து திரும்பிய தகவல் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயாக வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போய் 15 நாளில் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவில் கோர்ட்டில் புகார். ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. 'அடுத்த வாரம் இன்னொரு தடவை போடுங்கள், நிச்சயம் பாஸாகும்' என்று அவர் சொல்வார், எல்லாரும் சொல்வார்கள். செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி போடச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்த இழுப்பில்தான் முக்கால்வாசிப் பேர் கெடுவைத் தவற விடுகிறார்கள். நோட்டீஸை அனுப்பிவிட்டுப் பேசுங்கள். செக் உங்கள் மனைவி பெயரில் இருப்பதால் புகார்தாரர் அவர்தான். உங்கள் மனைவி செக்கைப் போட்ட வங்கிக் கிளை இருக்கும் இடத்தின் கோர்ட்டிலேயே வழக்குத் தொடுக்கலாம். தண்டனை இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்லி உத்தரவிடவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கட்டாயம் கொடுக்கும் என்று எண்ண வேண்டாம்.

இங்கேதான் ஒரு குழி இருக்கிறது. நோட்டீஸ் எழுதும் வக்கீல், 'கைமாற்றாகக் கொடுத்த பணம் என்று போட்டுவிடலாம், கேஸ் சுலபமாக நிற்கும்' என்று சொல்லக்கூடும். ஒப்புக்கொள்ளாதீர்கள். 'சீட் எப்போது கன்ஃபர்ம் ஆகும் சார்' என்று நீங்கள் அவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ்கள் அவர் போனிலும் இருக்கும். குறுக்கு விசாரணையில் அதைக் காட்டியதும் உங்கள் மனைவியின் சாட்சியம் முழுவதும் சாயும். பொய்ச் சத்தியம் செய்த பழி வேறு. 'அட்மிஷன் வாங்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றிப் பணம் வாங்கினார், திருப்பித் தர ஒப்புக்கொண்டு செக் கொடுத்தார், அதுவும் திரும்பியது.' இவ்வளவுதான் எழுத வேண்டும். எதிர்த்தரப்பு, 'சட்டவிரோதமான காரியத்துக்குக் கொடுத்த பணம், சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடனே அல்ல' என்று ஒப்பந்தச் சட்டம் 23-ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு வரும். அது வலுவான வாதம்தான், மறைப்பதற்கில்லை. அதனால் செக் வழக்கை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்கிறேன். கூடவே மோசடிப் புகாரும் போக வேண்டும்.

நண்பர்கள் பயமுறுத்துவதற்கு வருவோம். கர்நாடகத்தில் கேபிடேஷன் கட்டணத் (நீங்கள் டொனேஷன் என்கிற பணம்) தடைச் சட்டம் 1984-லிருந்தே இருக்கிறது. கல்வி நிறுவனமோ அதன் சார்பில் வேறொருவரோ அந்தப் பணத்தை வசூலிப்பதைத்தான் அது தடுக்கிறது. உங்களிடம் நடந்தது அதையும் தாண்டியது: இல்லாத சரக்கை விற்றிருக்கிறார். தனியார் காலேஜின் மேனேஜ்மெண்ட் சீட்டானாலும், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் சீட்டானாலும், நீட் தகுதியும் பொதுக் கவுன்சலிங்கும் இல்லாமல் எம்.பி.பி.எஸ். அட்மிஷன் கிடையாது. நிகர்நிலைக்கு எம்.சி.சி.; இங்குள்ள தனியார் காலேஜ்களின் அரசு, தனியார், என்.ஆர்.ஐ., இதர ஒதுக்கீடுகளுக்குக் கே.இ.ஏ. ஏஜென்டின் கைக்கு வரும் சீட் என்று ஒன்று இல்லவே இல்லை. பின் எப்படிச் சிலருக்கு 'வாங்கிக் கொடுக்கிறார்கள்'? பத்துப் பேரிடம் பணம் வாங்குவார்கள். அதில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குத் தங்கள் ரேங்கிலேயே இடம் கிடைத்துவிடும். அந்தக் காசு ஏஜென்டுக்கு, அந்தப் பெற்றோர்தான் அவருக்கு விளம்பரம். மிச்சம் உள்ளவர்களுக்கு உங்களுக்குக் கொடுத்த மாதிரி ஒரு செக்.

இது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதை 318(4)-இன்படி, ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள மோசடி. ஏமாந்தவர் குறுக்கு வழி தேடினார் என்பதால் ஏமாற்றியவர் தப்பிவிட முடியாது. இந்த ஊரில் பெற்றோர் கொடுத்த புகாரின் பேரிலேயே எஃப்.ஐ.ஆர். போடப்படுகிறது. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் டி.சி.பி.க்குத் (போலீஸ் துணை ஆணையர்) தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. பணத்தில் ஒரு பங்கு அரசு அதிகாரிக்குப் போகிறது என்று தெரிந்தே கொடுத்திருந்தாலோ, பொய்யான தாள் எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தாலோ மட்டும் நிலைமை வேறு. அப்படி ஏதாவது இருந்தால் ஸ்டேஷனுக்குப் போகுமுன் ஒரு வக்கீலிடம் முழுவதையும் சொல்லிவிடுங்கள்.

9 லட்சம் ரொக்கத்துக்கு ரசீது இருக்காது என்று தெரியும். நகையை அடகு வைத்த சீட்டு, வங்கியில் எடுத்த பதிவு, கொடுத்த அன்று அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் தேதி வாரியாக எடுத்து வையுங்கள். பணத்தின் மூலத்தை வருமான வரித்துறை கேட்டாலும் அவைதான் பதில். ஒரே நாளில் ஒரே ஆளிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அபராதம் வாங்கியவருக்குத்தான். பேச்சுவார்த்தையில் இதை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், பலன் இருக்கும். வாட்ஸ்அப் உரையாடல் உள்ள போனை மாற்றவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வருபவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

என் கணிப்பைக் கேட்டால், இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு சமரசத்தில்தான் முடிகின்றன. வங்கி வழி போன 5 லட்சம் வலுவானது. மிச்சத்தில் எவ்வளவு வரும் என்பது அவருக்கு வேறு எத்தனை பேர் பாக்கி என்பதைப் பொறுத்தது. எந்தச் சமரசத்திலும் பணம் கணக்கில் விழுமுன் ஒரிஜினல் செக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

ஜார்ஜியாவா? வேண்டவே வேண்டாம். வெளிநாட்டில் படிப்பது குற்றமில்லை. ஆனால் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறைப்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி, அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் பெறும் தகுதி இவை அத்தனையும் பொருந்தினால்தான் இங்கே பதிவு. பழைய பாக்கியைக் கழிக்க அவசரமாகப் பிடித்துத் தரும் காலேஜில் இவற்றை யார் சரிபார்ப்பார்கள்? அதோடு, சம்மதித்தால் பணம் திருப்பித் தர வேண்டிய கடமையையே நீங்கள் எழுதிக் கொடுத்து மாற்றியவர் ஆவீர்கள்.

மைத்துனர் யோசனை இன்னும் மோசம். உங்கள் குடும்பம் உண்மையிலேயே தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டதென்றால் தாசில்தாரிடம் முறையாகச் சான்று கேட்க வழி உண்டு, அது தனி விஷயம். ஓசூர் முகவரியில் குடியிருந்ததாகப் பொய் எழுதி வாங்குவது குற்றம். இரண்டு மாநிலத்திலும் உள்ளூர்க்காரர் என்று உரிமை கோரினால் அங்கே நிராகரிப்பார்கள். உங்கள் மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யூ.சி. வரையில் ஏழு வருஷம் கர்நாடகத்தில் படித்து, இங்கேயே எஸ்.எஸ்.எல்.சி.யோ பி.யூ.சி.யோ தேறியிருந்தால் இங்குள்ள ஒதுக்கீட்டுக்கே தகுதி உண்டு. வீட்டில் என்ன மொழி பேசுகிறோம் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

நிகர்நிலை இடங்களுக்கும் போட விரும்பினால் எம்.சி.சி.க்குப் பதிவுக் கட்டணம் 5,000, திரும்பக் கிடைக்கும் வைப்புத் தொகை 2 லட்சம். ஃபீஸ் எதுவானாலும் காலேஜ் கணக்குக்கோ கே.இ.ஏ.வுக்கோ மட்டும், ரசீதோடு.

வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. எச். சித்தய்யா ரோட்டில் நியாய தேகுலா கட்டிடத்தில் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. உங்கள் மனைவி ஆதார், செக், வங்கி கொடுத்த ரிட்டர்ன் மெமோ மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போகட்டும்.